பதினைந்தாவது தாள்

பகல் பதினொரு மணிக்கு, மண்டையைப் பிளக்கிற வெயிலில், டீச்சர் அந்தப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை விட்டு இறங்கினாள். பேய்க்கதை நடுராத்திரியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? இது முழுக்கப் பட்டப்பகலில், பதினான்கு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது. பயப்பட இருட்டு வேண்டும் என்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிக்கலாம்.

கோடை விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? தாழ்வாரம் இரண்டு மடங்கு நீளமாகிவிடும். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கிடக்கும். கரும்பலகையில் போன பருவத்துக் கணக்கு பாதி அழிந்து நிற்கும். எங்கோ ஒரு குழாய் சொட்டும். எந்தக் குழாய் என்று தேடிப் போனால் அது சொட்டாது. அந்தக் கட்டடத்தில் விடுமுறைக்கு நடுவே மூன்று வாரம் மட்டும் ஆள் நடமாட்டம் வரும். எழுத ஆசைப்படுகிற பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விடுதியிலேயே தங்கி, காலையும் மாலையும் எழுதிப் பழகுகிற முகாம்.

"வாம்மா மகராசி! பதினொரு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் முகாம் பொறுப்பாளர். கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருஷம் மூத்தவர்.

"நீங்க போன்ல அழுத அழுகைக்கு வராம இருக்க முடியுமா அண்ணா? வகுப்பெடுக்க வர வேண்டியவர் காலை உடைச்சுக்கிட்டா, நான்தானா கிடைச்சேன்?"

"சும்மா இரு. நீ வரேன்னு சொன்னதும் பிள்ளைங்களுக்குத் தலைகால் புரியலை. பாடப்புத்தகத்துல படிச்ச ஆள் நேர்ல வராங்கன்னா சும்மாவா?"

டீச்சர் சிரித்தாள். பாடப்புத்தகத்தில் வந்த அந்தக் கதையைப் பற்றி யார் பேசினாலும் அவள் அப்படித்தான் சிரிப்பாள், பல்வலிக்காரர் புகைப்படத்துக்குச் சிரிப்பது போல.

அவள் எழுதியது ஆறு புத்தகம். ஊருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. 'மூன்றாம் மாடிப் படிக்கட்டு.' வேலை போன அப்பா அதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் காலையில் மதியச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, அவர்கள் குடியிருக்கிற அதே கட்டடத்தின் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். மகள் அதைக் கண்டுபிடிக்கிறாள். ஆனால் கேட்கவில்லை. பள்ளி விட்டு வரும்போது ஒரு பாட்டில் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காதவள் போல இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான் கதை. படித்தவர்கள் அழுதார்கள். விருது வந்தது. பாடப்புத்தகத்தில் ஏறியது. மேடையில் அவளை அறிமுகம் செய்கிறவர்கள் மற்ற ஐந்து புத்தகங்களின் பெயரைத் தப்பாகச் சொல்வார்கள். இதை மட்டும் சரியாகச் சொல்வார்கள்.

வகுப்பு மாடியில், மூலை அறையில். அதே அறை. இரண்டு பக்கமும் ஜன்னல், ஓடினால் தலையாட்டிக் கிறீச்சிடும் மின்விசிறி, கதவோரம் ஒரு குப்பைக்கூடை. டீச்சர் குப்பைக்கூடையைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் பத்து நிமிஷத்திலேயே அவர்களுக்குள் பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்தது. வாயாடி என்று ஒருத்தி, பேருக்கேற்ற வாய். நெட்டை என்று ஒருவன், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று பேரை இடறிவிட்டிருந்தான். எல்லோருக்கும் இளையவள் ஒருத்தி, அவள் பெயர் சுண்டெலி.

டீச்சர் விதிகளைச் சொன்னாள். தினமும் ஒரு தலைப்பு. பத்து நிமிஷம். பேனாவைத் தூக்கக் கூடாது. தாளில் பெயர் போடக் கூடாது. மடித்து இந்த அட்டைப்பெட்டியில் போட வேண்டும். நான் ஒவ்வொன்றாக வாசிப்பேன், மற்றவர்கள் பேச வேண்டும்.

"ஒரு விதி ரொம்ப முக்கியம். யார் எழுதினாங்களோ, அவங்க வாயே திறக்கக் கூடாது. என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"தப்பா புரிஞ்சுக்கிட்டா கூடவா மிஸ்?" வாயாடிதான்.

"அப்பகூட."

"அநியாயமா திட்டினா?"

"அப்பகூடத்தான்."

இந்த மௌன விதியைக் கொண்டுவந்ததே அவள்தான், இதே அறையில், பதினொரு வருஷம் முன்னால். இப்போது சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது.

முதல் நாள் தலைப்பு சுலபமானது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இந்த அறையில் என்னென்ன சத்தம் கேட்கிறது, எழுதுங்கள். பதினான்கு பேனாக்கள் தாளில் உரசின. பிறகு டீச்சர் பெட்டியைக் கவிழ்த்து வாசித்தாள். மின்விசிறி, குழாய், நெட்டையின் வயிறு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினான்கு தாள் முடிந்தது.

பெட்டியில் இன்னும் ஒன்று இருந்தது.

கொஞ்சம் பழுப்பேறிய தாள். எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. பிரித்ததும் ஈரக் காகித வாசனை வந்தது, மழையில் நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகத்துக்கு வருமே, அந்த வாசனை. டீச்சர் வாசிக்கத் தொடங்கிவிட்டாள், நிறுத்தத் தோன்றவில்லை.

"டீச்சர் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. உள்ளே போகும்போது ஒரு சின்ன விக்கல் மாதிரி தடைபட்டு, பிறகு போகிறது. இது தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. கழுத்துப் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்."

யாரும் சிரிக்கவில்லை.

"செம மிஸ்! யாருடா எழுதினது?" என்றான் நெட்டை.

"எழுதினவங்க பேசக்கூடாதுடா, மண்டு," என்றாள் வாயாடி. "ஆனா இதுதான் இன்னிக்கு பெஸ்ட். எல்லாரும் சத்தத்தை எழுதினோம். இது பக்கத்துல வந்து எழுதியிருக்கு."

யாரோ இரண்டு தாள் போட்டிருப்பார்கள் என்று டீச்சர் சொல்லிக்கொண்டாள். அதுதானே நியாயம்? ஆனால் தாளை மடிக்காமல் இன்னொரு தடவை பார்த்தாள். அந்த இடது சாய்வு எழுத்தை அவள் இதற்கு முன்னால் ஒரே ஒரு நோட்டில் பார்த்திருக்கிறாள். அந்த நோட்டு அவள் வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில், பூட்டில் இருக்கிறது.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிக்கட்டுக் கதையை எழுதியது டீச்சர் இல்லை.

பதினொரு வருஷம் முன்னால் இதே முகாமுக்கு ஒரு பெண் வந்திருந்தாள். பதினாறு வயது. இருக்கிற இடம் தெரியாது. ஒருநாள் பெட்டியிலிருந்து டீச்சர் எடுத்து வாசித்த தாளில் அந்தப் படிக்கட்டு இருந்தது, அந்தத் தண்ணீர் பாட்டில் இருந்தது. வாசித்து முடித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போது டீச்சருக்கு வயது முப்பத்தொன்று. பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு அப்படிக் கைதட்டியதில்லை. உள்ளே ஏதோ சுருக்கென்றது. "இது கதை இல்ல, டைரி," என்றாள். "வீட்டு விஷயத்தை அப்படியே கொட்டிட்டா கதை ஆயிடாது. இதுல கற்பனை எங்க இருக்கு?" டீச்சரே சொல்லிவிட்டார்களே என்று பிள்ளைகளும் கட்சி மாறினார்கள். ஆளுக்கொரு குறை கண்டுபிடித்தார்கள். முக்கால் மணி நேரம். அந்தப் பெண் விதிப்படி வாயைத் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்து போகும்போது அவள் அந்தக் கதையை முழுசாக எழுதி வைத்திருந்த தன் நோட்டையே கதவோரக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனாள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு டீச்சர் குனிந்து அதை எடுத்தாள். குப்பையிலிருந்து எடுத்ததுதானே, யாருக்கும் வேண்டாததுதானே. இந்த வார்த்தைகளைச் சொல்லியே அவள் பதினொரு வருஷம் தூங்கினாள்.

நிறைவு நாளன்று அந்தப் பெண்ணின் அம்மா வந்திருந்தாள். "என் பொண்ணு எப்படி எழுதறா டீச்சர்?" என்று கேட்டாள். பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவள் முகத்தைப் பார்க்காமல், "சுமார்தான். படிப்புல கவனம் செலுத்தச் சொல்லுங்க," என்றாள்.

அசிங்கம் அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான்கு மாதம் கழித்து கதை பத்திரிகைக்குப் போய், ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. அது அந்தப் பெண் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் பொறுப்பாளர் போன் செய்தார். விஷக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் மூன்றே நாள், அந்தப் பிள்ளை போய்விட்டது. போனை வைத்தபோது டீச்சர் மனதில் முதலில் வந்தது ஒரே ஒரு வார்த்தை. அதை அவள் புருஷனிடம் சொன்னதில்லை, நாட்குறிப்பில் எழுதியதில்லை, கனவில் உளறியதுகூட இல்லை.

இரண்டாம் நாளும் பதினைந்து தாள். தலைப்பு, வாசனை. "டீச்சர் வீட்டு அலமாரியில் நாப்தலின் உருண்டை வாசனை. ஜலதோஷம் பிடித்தவள் போல மூக்கு அடைக்கிறது. துணிகள் ரொம்பக் கனம். பதினொரு வருஷமாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை."

"பதினஞ்சாவது ஆள் கலக்குது மிஸ்," என்றாள் வாயாடி. அதற்குள் அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தாளைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள். எது நன்றாயிருக்கிறது, ஏன் நன்றாயிருக்கிறது, 'ரொம்பக் கனம்' என்ற இடம் எப்படி நெஞ்சை அடைக்கிறது. கேட்கக் கேட்க டீச்சருக்குக் கழுத்தின் இடது பக்கம் சில்லென்றது. மின்விசிறி வலது பக்கம் இருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் பொறுப்பாளர் அப்பளத்தைக் கொறித்துக்கொண்டே சொன்னார், "நிறைவு நாளுக்கு எல்லா வீட்டுக்காரங்களும் வராங்க. ஆமா, அந்தப் பிள்ளை ஞாபகம் இருக்கா, காய்ச்சல்ல போச்சே? அதோட அம்மா வருஷா வருஷம் வருவாங்க. கடைசி வரிசையில உக்காந்து எல்லாப் பிள்ளைங்க வாசிக்கறதையும் கேட்டுட்டு, ஒண்ணும் பேசாம போயிடுவாங்க. நமக்குத்தான் மனசு கேக்காது."

டீச்சர் கையில் இருந்த டம்ளர் தட்டில் இடித்துத் தண்ணீர் சிந்தியது. "உடம்பு சரியில்லையா?" என்றார் அவர். வெயில் என்றாள்.

அன்று மதியமே தன் துணிப்பெட்டியைக் கட்டினாள். கிளம்பியும் இருப்பாள். ஆனால் படியிறங்கும்போது சுண்டெலி எதிரே வந்து, "மிஸ், நான் எழுத்தாளர் ஆகணும்னு வீட்ல சொன்னா சிரிக்கறாங்க. உங்ககிட்ட படிக்கிறேன்னு சொன்னதும் அனுப்பிட்டாங்க," என்றாள். டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப மேலே ஏறினாள். அந்தப் பிள்ளைக்காக என்று நினைத்துக்கொண்டாள். பொய். ஓடிப்போனால் ஏன் என்று கேட்பார்களே, அதற்காக.

மூன்றாம் நாள் தலைப்பை அவள் தேர்ந்தெடுக்கவில்லை. முகாமின் பாடத்திட்டத்தில் அச்சாகியே இருந்தது: நீங்கள் வெட்கப்பட்ட ஒரு நிமிடம்.

அன்று வானம் மூடியிருந்தது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றது. பத்து நிமிஷம் பேனா சத்தம் மட்டும். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணினாள். நேரம் முடிந்தது என்றாள். பதினான்கு பேனாவும் நின்றன.

ஒன்று நிற்கவில்லை.

அவளுக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். யார் முகத்திலும் ஒன்றும் இல்லை. பிறகு அதுவும் நின்றது. பெட்டியைத் திறந்தபோது அந்தத் தாள் மேலேயே இருந்தது.

"போன் வந்தபோது நான் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தேன். அந்தப் பெண் செத்துப்போய்விட்டாள் என்றார்கள். ஐயோ என்று வாயால் சொன்னேன். எப்போது என்று கேட்டேன். போனை வைத்தேன். பிறகு மனதுக்குள் சொன்னேன்: அப்பாடா."

கடைசி வார்த்தையை வாசித்தபோது டீச்சரின் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். அதுதானே பயிற்சி.

"அப்பாடான்னு ஏன் சொல்லணும்?"

"செத்துப்போன பொண்ணுக்கு இவங்களைப் பத்தி ஏதோ தெரிஞ்சிருக்கு. வெளியில வந்துடும்னு பயந்திருக்காங்க."

"கொலைகாரியா?"

"இல்லடா. கொலை பண்ணியிருந்தாகூட கோபம் வரும். இது… எனக்கு இவங்களைப் பார்த்தா பரிதாபமா இருக்கு, ஆனா பக்கத்துல உக்காரப் பிடிக்கலை," என்றாள் வாயாடி.

டீச்சர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் எரிந்தது, காது எரிந்தது. முக்கால் மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

திடீரென்று சுண்டெலி விசும்பினாள். "யார் எழுதறது இது? நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் மிஸ், சத்தியம் பண்ணச் சொன்னேன். யாருமே எழுதலை. நாம பதினாலு பேர்தானே இருக்கோம்?"

அறை சட்டென்று குளிர்ந்தது. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். நெட்டை எழுந்து நின்றேவிட்டான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் பதினான்கு பேரும் கத்திக்கொண்டு படியில் உருண்டிருப்பார்கள்.

"உக்காருங்க," என்றாள் டீச்சர். "பயப்படாதீங்க. நான்தான் எழுதினேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, பழகிய பாதை ஆயிற்றே.

"மூணு நாளும் நான்தான். நீங்க எப்படிப் பேசறீங்கன்னு பார்க்க ஒரு பயிற்சி."

நெட்டை உட்கார்ந்தான். பிறகு வாயாடி "மிஸ்!" என்று கத்தினாள். "அதானே பார்த்தேன்! நம்மள்ல யாருக்கு இப்படி எழுத வரும்!" எல்லோரும் கைதட்டினார்கள். சுண்டெலி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. அந்தக் கைதட்டல் டீச்சருக்கு இனித்தது.

அடுத்த நாள் பெட்டியில் சரியாகப் பதினான்கு தாள். இரண்டு தடவை எண்ணினாள். நிம்மதியில் அவளையறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது, கூடவே அந்த வார்த்தை, வாய்விட்டு. "அப்பாடா."

கழுத்துப் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

முதல் தாளை எடுத்து வாசித்தாள். நெட்டையின் கோணல் எழுத்து, பேருந்துப் பயணம் பற்றி. கடைசி வரி மட்டும் அந்தப் பயணத்தோடு ஒட்டவில்லை. "அப்பா பொய் சொல்லும்போது செருப்பைப் பார்ப்பார்." இரண்டாவது தாளிலும் கடைசியில் அப்படி ஒரு வரி. மூன்றாவதிலும். எல்லாம் பிள்ளைகளின் சொந்தக் கையெழுத்துதான். டீச்சர் அந்த வரிகளை விழுங்கிவிட்டு வாசித்தாள்.

"மிஸ், என் கடைசி வரியை விட்டுட்டீங்க," என்றான் நெட்டை, விதியை மறந்து.

"அது நீ எழுதினதா?"

"ஆமா மிஸ்." தலையைச் சொறிந்தான். "எழுதிட்டு இருக்கும்போது யாரோ காதுல சொன்ன மாதிரி இருந்துச்சு. நல்லா இருந்துச்சேன்னு எழுதிட்டேன்."

பதினான்கு வரிகள். அவற்றை வரிசையாக வைத்தால் என்ன வரும் என்று டீச்சருக்கு வைத்துப் பார்க்காமலே தெரியும். அந்த நோட்டில் இருந்த, கதையின் முதல் பத்தி. பத்திரிகைக்கு அனுப்பும்போது அவள் வெட்டி எறிந்த பத்தி. உலகத்தில் அதை இரண்டே பேர் படித்திருக்கிறார்கள், எழுதியவளும் டீச்சரும்.

அதன் பிறகு மீதி நாட்கள் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வகுப்பெடுத்தாள். திருத்தினாள். பிள்ளைகள் நன்றாக எழுத ஆரம்பித்தார்கள், அவள் கற்றுக்கொடுக்காதது எல்லாம் அவர்களுக்கு வந்தது. வகுப்பில் அவள் வாய் திறக்கும் முன் பதினான்கு தலைகளும் சில சமயம் அவளுக்கு இடது பக்கமாகத் திரும்பி, கேட்டுக்கொண்டு, தலையாட்டிவிட்டு எழுதக் குனியும். என்ன பார்த்தீர்கள் என்றால், "ஒண்ணும் இல்லையே மிஸ்," என்பார்கள்.

நிறைவு நாள் வந்தது. கூடம் நிறைய அப்பா அம்மாக்கள். வாசலிலேயே எல்லோர் கையிலும் ஒரு சிறு தொகுப்பு கொடுத்தார்கள், பிள்ளைகளின் படைப்புகள். டீச்சர் முதல் பக்கத்தைப் புரட்டினாள். வெட்கப்பட்ட நிமிடம். கீழே அவள் பெயர், தடித்த எழுத்தில்.

"நான்தான் போடச் சொன்னேன்," என்றார் பொறுப்பாளர் பெருமையாக. "பிள்ளைங்க காட்டினாங்க. என்னமா எழுதியிருக்கே! நீயே முதல்ல வாசிச்சிடு."

மேடையில் ஏறினாள். கடைசி வரிசையில் ஓரமாக நரைத்த தலை ஒன்று. மடியில் கைப்பை, அதன்மேல் தொகுப்பு, அதன்மேல் இரண்டு கைகள். அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை வாசித்துவிட்டு இறங்கலாம். கைதட்டுவார்கள். ஊருக்குப் போய்விடலாம். இன்னொரு பதினொரு வருஷம்.

"இது நான் எழுதினது இல்ல," என்றாள் டீச்சர்.

ஒலிபெருக்கி ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டை, குப்பைக்கூடையை, பத்திரிகையை, பாடப்புத்தகத்தை. சுமார்தான் என்று சொன்னதை. போனை வைத்ததும் மனதில் வந்ததை. எங்கேயும் அழவில்லை, அழுதால் பரிதாபப்படுவார்களோ என்று அடக்கிக்கொண்டாள். முடித்தபோது பொறுப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டெலியின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாயாடி, மூன்று வாரமும் ஒரு நிமிஷம் சும்மா இல்லாதவள், வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்த பார்வையை டீச்சர் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

கடைசி வரிசை அம்மா எழுந்தாள். நடு வழியே மெல்ல நடந்து வந்தாள். அறைவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். டீச்சர் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"தெரியும் டீச்சர்," என்றாள் அந்த அம்மா.

"என்னம்மா?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடம் படிச்சுட்டு இருந்துச்சு. காதுல விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போகலைங்கறதே உங்க கதையைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டு டப்பா கைப்பிடி உடைஞ்சு போய் ஷூ நாடா கட்டியிருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. அந்த நாடாவைக் கட்டினது நான். அதை நீங்க எங்க பார்த்திருப்பீங்க?"

"அப்ப… அப்ப ஏம்மா என்னைக் கேக்கலை?"

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். அப்புறம் அவ எழுதினதுன்னு உலகத்துல ஒண்ணுமே இல்லாம போயிடுமே." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எப்படி எழுதறான்னு அன்னிக்குக் கேட்டேன். இப்ப சொல்லுங்க."

"என்னால ஜென்மத்துக்கும் எழுத முடியாதும்மா, அவ எழுதின மாதிரி."

அந்த அம்மாவின் உதடு துடித்தது. தலையை ஆட்டிக்கொண்டாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் பார்வை நகர்ந்தது. டீச்சரின் முகத்தை விட்டு, கொஞ்சம் இடது பக்கம், தோளுக்குப் பின்னால். அங்கே நின்றது. முகம் அப்படியே இளகியது.

"போதும்டி கண்ணு," என்றாள் மெதுவாக. "அதான் சொல்லிட்டாங்கல்ல. வா, வீட்டுக்குப் போலாம்."

கையை நீட்டினாள்.

டீச்சர் மூச்சு விடவில்லை. ஆனால் அவள் கழுத்தருகே மூச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

நீட்டிய கை காற்றில் அப்படியே இருந்தது. விரல்கள் ஒரு தடவை மூடித் திறந்தன. பிறகு கை மெல்லக் கீழே இறங்கியது.

"வரமாட்டேங்கறா டீச்சர்," என்றாள் அந்த அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. "உங்ககூடவே இருக்காளாம். இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்காம்."

தொகுப்பைக் கைப்பையில் வைத்து மூடிக்கொண்டு, வந்த வழியே நடந்து, வாசல் தாண்டி வெயிலில் தனியாகப் போனாள். அவளைக் கூப்பிட டீச்சர் கையைத் தூக்கப் பார்த்தாள், கை வரவில்லை. குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். பேனா எதுவும் இல்லாமலே விரல்கள் மடங்கி, இடது பக்கம் சாய்ந்து, காற்றில் எதையோ எழுதிக்கொண்டிருந்தன.